தகரப் போணியில் நின்ற மிளகாய்ச் செடி

போன மாசம் ஒரு மத்தியானம், சாளை மீன் கறியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் மகள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எம்மா, இந்தப் படத்துல இருக்கது யாருண்ணு தெரியுதா?"

கறுப்பு வெள்ளைப் படம். காக்கி நிக்கர் போட்ட ஒரு மனுஷன் மர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. பக்கத்தில் வேலிக்கம்பு. கம்பில் ஒரு தகரப் போணி கட்டித் தொங்குகிறது. போணிக்குள் ஒரு காந்தாரி மிளகாய்ச் செடி. எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அவர் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் சுதந்திரத்துக்காகப் பாடுபட்டவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலில் கிடந்தவர். கொடி ஏறின பிறகு மந்திரியாக இருந்தவர். அப்புறம் சொந்தக் கட்சிக்காரர்களே அவரை ஒரு சின்ன ஊரில் கொண்டுவந்து வீட்டுக்காவலில் வைத்தார்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள் ஆறு வருஷம் இருந்தோம்.

அவருடைய மகள் இப்போது அவரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். எங்கள் வீட்டுக்காரர் அங்கே கணக்கு வாத்தியார். அவரிடம் படித்தவர்களை விசாரித்து விசாரித்து எங்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். இந்தப் படத்துக்குக் கீழே போடுவதற்கு அவள் எழுதி வைத்திருந்ததை என் மகள் தமிழில் சொன்னாள். எல்லாரும் நெருங்கப் பயந்த காலத்தில் பக்கத்து வீட்டு இந்தியப் பெண் மரியாதையோடு கொடுத்த செடி, அவரை மனுஷனாக மதித்த ஒரே வீடு அது என்று.

"நல்லா எழுதியிருக்காவ, இல்லியா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா அப்படி இல்ல மக்கா."

நடந்ததைச் சொன்னேன். அதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. கேட்டு முடித்துவிட்டு, "எம்மா, நீ வாயத் தெறக்காத. புஸ்தகத்துல வரப்போவுது. ஊரெல்லாம் படிக்கும்" என்றாள். அவள் காலேஜில் பாடம் நடத்துகிறவள். அவள் சொன்னால் வீட்டில் அப்பீல் கிடையாது. நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் வந்தால் அடுக்களைக்குள் போய் நிற்கிறவள். அவளுக்கு நம்பிக்கை இருந்தது, நான் பேசமாட்டேன் என்று.

எங்கள் வீட்டுக்காரருக்கு இங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அந்த நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டார், கிடைத்தது. கைக்குழந்தையோடு போய் இறங்கினேன். செம்மண் தெரு, தகரக் கூரை வீடு, வீட்டைச் சுற்றி மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு. எங்கள் தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விளைகளில் நிற்கிற அதே மரச்சீனி. அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

போன முதல் வாரத்திலேயே கடைத்தெருவில் ஈயம் பற்றவைக்கிற ஆளிடம் ஒரு பால்மாவு டின்னைக் கொடுத்துக் கைப்பிடி வைத்துப் போணியாக்கி வாங்கினேன். அடுக்களை வாசலுக்கு வெளியே ஆணி அடித்து மாட்டினேன். கரி விற்க வருகிற பெண்ணுக்கு, புல் வெட்ட வருகிற ஆளுக்குத் தண்ணீரோ சாயாவோ கொடுக்கிறதுக்கு. எங்கள் ஊரில் அப்போது தேங்காய் வெட்ட வருகிறவருக்கு, கிணறு தூர் எடுக்க வருகிறவருக்கு என்று புறவாசலில் ஒரு போணி தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். யாரும் சொல்லித் தருவதில்லை. வீடு என்றால் விளக்குமாறு இருக்கிற மாதிரி அதுவும் இருக்கும். ஜெபம் பண்ணுகிற வீடு, பண்ணாத வீடு என்று அதில் பேதம் கிடையாது. என் அம்மை வயல்காரர் வீட்டுப் புறவாசலில் தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சித்தண்ணீர் வாங்கிக் குடித்தவள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாத்தியார் பெண்டாட்டி ஆனதும் எனக்கு ஒரு அடுக்களை கிடைத்தது. அடுக்களை கிடைத்ததும் போணியும் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு முன்வாசலில் மாமரத்தடியில் ஒரு போலீஸ்காரர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். யாரோ பெரிய மனுஷன் வீடு, காவல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்பக்கம் ஒரு ஆள் சட்டையில்லாமல் மம்பட்டி பிடித்து மரச்சீனிக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மனுஷனின் தோட்டக்காரர் என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன். வெயில் உச்சியில் நின்றது. அவர் வேலிக்கு வந்து கையைக் குவித்துக் காட்டினார். எங்களுக்குப் போட்டிருந்த சாயாவில் கொஞ்சம் தகரப் போணியில் ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் போணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடித்தார். பிறகு அவரே கழுவி, வேலிக்கம்பின் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்ச! அது தோட்டக்காரர் இல்ல. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் குடுத்த ஆளு. மந்திரியா இருந்தவரு."

"மந்திரி மம்பட்டி பிடிப்பாரா?"

"மந்திரி இல்லாமப் போனா பிடிப்பாரு."

ராத்திரி முழுக்க எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. மந்திரிக்குத் தகரத்தில் கொடுத்துவிட்டேனே என்றுதான் அந்த வெட்கம். அதில் இருந்த இன்னொரு தப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள், என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கப்பையும் சாஸரையும் எடுத்துத் துடைத்து, பால் ஊற்றி, ஏலம் தட்டிப் போட்டுச் சாயா கொண்டுபோனேன். அவர் கப்பை வாங்கவில்லை. வேலிக்கம்பில் கவிழ்ந்திருந்த போணியை எடுத்து நீட்டினார்.

"இதில் ஊற்று" என்றார் அந்த ஊர் பாஷையில்.

எனக்கு அப்போது நாலைந்து வார்த்தைதான் தெரியும். கப்பைக் காட்டி, "நீங்கள் பெரியவர்" என்றேன்.

"கரிக்காரிக்கு எது?"

போணியைக் காட்டினேன்.

"அப்படியானால் எனக்கும் அதுதான்" என்று சிரித்தார். "இந்த வேலியில் எல்லாரும் ஒரே மாதிரிப் பாத்திரத்தில் குடிக்கிறவரைக்கும் நான் வேலைநிறுத்தம்." இதன் முழு அர்த்தம் பாஷை படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அவரோடு பேசுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பேசலாம். இரண்டு பேர் கேட்டால் அது கூட்டம், கூட்டம் என்றால் குற்றம். எங்கள் வீட்டுக்காரர் வேலிப் பக்கம் போனால் மாமரத்தடிப் போலீஸ்காரர் எழுந்து நின்றுவிடுவார். நான் போனால் எழுந்திருக்கமாட்டார். பொம்பளை, வெளிநாட்டுக்காரி, வாய் பேசாதவள். கணக்கில் வராத ஆள். அப்படித்தான் அந்த மனுஷனின் பொதுக்கூட்டத்துக்கு நான் ஒருத்தியே ஜனமானேன்.

பேச்சு அவருக்குச் சோறு மாதிரி. ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துப் பேசின வாய், ஒரு ஆள் போதாதுதான், ஆனாலும் குறைக்கமாட்டார். கையை உயர்த்துவார், நிறுத்துவார், நான் கைதட்டுவேனா என்று பார்ப்பார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பேன். "எனக்குக் கிடைத்த ஜனங்களிலேயே நீதான் கல்நெஞ்சுக்காரி" என்பார். அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பிள்ளையின் பேரைச் சொல்லி, அதன் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

பாஷையை நான் கரிக்காரியிடமும் சந்தையிலும் படித்தேன். படிக்கப் படிக்க அவர் கதை பிடிபட்டது. ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பருத்தி எடை போடுகிற இடத்தில் குமாஸ்தாவானார். அங்கே ஒரு தண்ணீர்ப் பானை, இரண்டு குவளை. எனாமல் குவளை வெள்ளைக்கார மேனேஜருக்கு, தகரக் குவளை மற்ற எல்லாருக்கும். ஒருநாள் இவர் எனாமல் குவளையில் மொண்டு குடித்துவிட்டார்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"இல்லை. தகரக் குவளை தூரத்தில் இருந்தது. தாகம்."

வேலை போயிற்று. நேரே சந்தைக்குப் போய் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்று, நடந்ததைச் சொன்னார். யாரோ கைதட்டினார்கள். "கைதட்டலைக் கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் திரும்பி வீட்டுக்குப் போக முடியவில்லை" என்றார். சங்கம் வைத்தார், லாரி லாரியாக ஏறிப் பேசினார், பிடித்துக்கொண்டு போனார்கள். ஜெயிலில் துணி தைக்கப் படித்தார். என் குழந்தையின் கிழிந்த சட்டையை வாங்கி அவர் தைத்த தையலை நான் பார்த்திருக்கிறேன், நம் ஊர்த் தையல்காரர் தோற்றுப்போவார்.

இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்கு என் கண் அடுக்களை வாசலுக்குப் போயிற்று. தகரம், எனாமல். என் வீட்டு ஆணி. அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, "அப்புறம் நான் மந்திரியானேன். கார் கொடுத்தார்கள், சமையல்காரன் கொடுத்தார்கள். அவன் எந்தத் தட்டில் சாப்பிட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எட்டிப் பார்த்ததே இல்லை" என்றார். அன்றைக்குக் கையை உயர்த்தவில்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்பதையும் அவரே சொன்னார். நாட்டுத் தலைவர், சாகிறவரைக்கும் நான்தான் என்றாராம். சபையில் எல்லாரும் மேசையைத் தட்டினார்களாம். இவர் எழுந்து, "நாம் ஒரு ராஜாவை அனுப்பியது இன்னொருவரைக் கொண்டுவரவா?" என்று கேட்டார். அந்த வாரமே இந்த ஊர், இந்த மாமரம், இந்தப் போலீஸ்காரர்.

எல்லாம் தெரிந்த பிறகும் நான் உடனே மாறிவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். காலை பதினோரு மணிக்குப் போணியைக் கொண்டுபோய் அவருக்கு ஊற்றுவேன், அவர் கழுவித் தந்ததும் திரும்ப ஆணியில் மாட்டுவேன், மனசு குத்தும், ஆனாலும் கரிக்காரி வந்தால் கை தானாக ஆணிக்குப் போகும். நம் பக்கத்து வாத்தியார் குடும்பங்கள் அந்த ஊரில் இன்னும் மூன்று உண்டு. அவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். அவர் நட்ட மரச்சீனி என் தோள் உயரம் வந்துவிட்டது. இலையைப் பறித்துத் தந்து, இடித்து வேகவைக்கச் சொல்வார். "எங்க ஊர்ல இதத் தின்னா ஆடு சாவும்" என்பேன். "உங்கள் ஊர் ஆட்டுக்குச் சமைக்கத் தெரியாது" என்பார். இப்படி நாட்கள் போயின.

ஒருநாள் நல்ல மழை. கரிக்காரி நனைந்துகொண்டு வந்தாள், முதுகில் பிள்ளை, தலையில் மூட்டை. மூட்டையை இறக்கிவிட்டு, நான் எதுவும் சொல்லாமலே கையை நீட்டி ஆணியில் இருந்த போணியை அவளே எடுத்துத் துடைத்தாள். அந்தத் துடைப்பு. என் அம்மை சிரட்டையைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறது அப்படியேதான். நான் அவள் கையிலிருந்து போணியை வாங்கினேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் சாயா ஊற்றி, உள்ளே அடுக்களையில் மணையைப் போட்டு உட்காரச் சொன்னேன். அவளுக்கு வெட்கம், எனக்கு அதைவிட வெட்கம். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்து வாத்தியார் பெண்டாட்டி ஒருத்தி குடையோடு வந்தாள். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன பிள்ள, இவளுக்கும் இதிலதானா?"

"ஆமா. இருங்க, உங்களுக்கும் அதிலதான் ஊத்துகேன்."

அவள் இருக்கவில்லை. நான் அந்த ஊரில் அவ்வளவு நீளமாக யாருக்கும் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பேசாமல் இருந்தார்கள், பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் பதினோரு மணிக்கு டம்ளரில் சாயாவோடு வேலிக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தார். கரிக்காரிக்கும் டம்ளர்தான் என்று எப்படித் தெரியும் என்றேன். கரிக்காரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். "வேலைநிறுத்தம் முடிந்தது" என்று அறிவித்துவிட்டு, மாமரத்தடிப் போலீஸ்காரருக்குக் கேட்கும்படி நானே கைதட்டவேண்டும் என்று அடம்பிடித்தார். மெதுவாக இரண்டு தட்டு தட்டினேன். தகரப் போணியைத் தனக்குத் தரச் சொன்னார். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நான் ஊரிலிருந்து கொண்டுபோன காந்தாரி மிளகாய் விதையை வாங்கிப் போட்டு வேலிக்கம்பில் கட்டினார். படத்தில் இருப்பது அது.

பிறகு எங்கள் வீட்டுக்காரரின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டோம். அந்த மனுஷன் காவலில் இருந்த வீட்டிலேயே இறந்துபோனார் என்று கடிதம் வந்தது. ஆட்சி மாறியது அதற்கும் பிறகுதான். இப்போது அந்த வீட்டை அரசாங்கம் எடுத்து நினைவு இல்லமாக்குகிறதாம். எங்கள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் வீடியோவில் மந்திரியின் மகள் வந்தாள். தலை நரைத்திருந்தது. அதே பல் இடைவெளி. என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை எனக்குத் தமிழிலும் நான் சொல்வதை அவளுக்கு இங்கிலீஷிலும் மாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் போணியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள்.

நான் சொன்னேன். அது வேலைக்காரர்களுக்கு என்று தனியாக வைத்தது, உங்கள் அப்பாவைத் தோட்டக்காரர் என்று நினைத்து அதில் கொடுத்தேன், அவர் என்னோடு சண்டை போட்டார் என்று எல்லாம் சொன்னேன். என் மகள் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னாள். அந்தப் பக்கம் அவள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் சொன்னதைக் கேட்டால் ஒரு மகள் அப்படிச் சிரிக்கமாட்டாள் என்று தெரியும்.

"மக்கா, நீ மாத்திச் சொல்லுத."

"எம்மா, போதும்மா. விட்டுரு."

நான் போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் வாயில் வராத பாஷை. முதலில் 'தண்ணீர்' வந்தது, அப்புறம் 'கரி', அப்புறம் 'என்ன விலை.' அப்புறம் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது. "இவள் சொன்னது நான் சொன்னதில்லை. நானே சொல்கிறேன், கேள்" என்றேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆணியிலிருந்து ஆரம்பித்து மழைநாள் வரைக்கும் சொன்னேன். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மைக்கு இந்தப் பாஷை தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், இவ்வளவு பேச்சு தெரியும் என்பது தெரியாது.

முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் சந்தைப் பெண்கள் மாதிரிப் பேசுகிறீர்கள்" என்றாள். பிறகு சொன்னாள். "நாங்கள் ஒருவர் ஒருவராகப் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா அந்தச் செடியைக் காட்டி, நான் கடைசியாக ஜெயித்த தேர்தல் இது என்பார். என்ன தேர்தல் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறோம். சிரிப்பார், சொன்னதே இல்லை."

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடுகிற மனுஷன். இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். என் மானத்துக்காக.

"நீங்களும் சொல்லாமல் இருந்திருக்கலாமே. நான் எழுதியிருந்தது உங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டாள்.

"நீ எழுதினதில் நான் நல்லவள், உன் அப்பா சும்மா சாயா வாங்கிக் குடித்தவர். அவர் அப்படியில்லை. வாயைக் கட்டிப்போட்டிருந்த காலத்திலும் என் வேலியில் நின்று ஒரு போராட்டம் நடத்தி ஜெயித்தார். அதை நீ விட்டுவிட்டால் அவர் ஜெயித்ததில் ஒன்று குறைந்துபோகும்."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "உங்கள் பேர் போடாமல், பக்கத்து வீட்டுப் பெண் என்றே எழுதட்டுமா?" என்றாள். என் மகள் இங்கிலீஷ் இல்லாமலே, முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டு, "பேரு வேண்டாம்ணு சொல்லும்மா, பேரு வேண்டாம்" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

இதில் நான் யார் பேரையும் எழுதவில்லை. இது நம் ஊர்க்காரர்கள் படிக்கிறது, எனக்கு வெட்கம் இன்னும் போகவில்லை. அந்தப் புத்தகம் வேறே. அதற்கு இரண்டு பெயர் கொடுத்தேன். முதலில் கரிக்காரியின் பேரைச் சொல்லி, மந்திரியின் மகள் அதை எழுதிக் காட்டியதும், என் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.